தம்பி துப்பிய குழாய்

அக்கா வீட்டிலிருந்து இறங்கி ஊர் மந்தையைத் தாண்டும்வரை பின்னால் யாரும் கூப்பிடவில்லை. நாகலாபுரம் போகும் தார்ச்சாலையில் பாதி அகலத்துக்கு மிளகாய் காயப்போட்டிருந்தார்கள். நெடி மூக்கில் ஏறியது. தும்மிக்கொண்டே நடந்தேன். மதியம் வந்த மினிபஸ் திரும்பிப் போய்விட்டது. அடுத்தது வந்தால் உண்டு. அன்று காலைவரை என்னிடம் ஒரு பைக் இருந்தது. அது வேலையோடு சேர்ந்த பைக். வேலையை விட்டபோது சாவியையும் மேஜைமேல் வைத்துவிட்டேன்.

அக்காவின் இளைய மகன் ஓடக் கூடாது என்று சொல்லத்தான் போயிருந்தேன். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் ஓட்டப் பந்தயத்துக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. அதற்காக அவன் தினமும் விடிந்தும் விடியாமலும் வறண்ட கண்மாய்க்குள் ஓடிப் பழகிக்கொண்டிருந்தான். ஓடும்போது அவன் இதயம் நின்றுபோகலாம். அதை அவனிடமும் அவன் அம்மாவிடமும் சொன்னேன். இரண்டு பேரும் நம்பவில்லை. நான் இரண்டு வாய் தின்ற சோற்றை அக்கா தட்டோடு எடுத்துப்போய் வெளியே நாய்க்குக் கொட்டினாள். "தேர்வு முடியுத வரைக்கும் இந்தப் படி ஏறாத" என்றாள்.

பசியோடு நடப்பது எனக்குப் புதிதில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியிருக்கிறேன். ஆந்திராவில் ஆழ்துளைக் கிணறு போடும் போர் லாரியில் குழாய் தூக்கினேன். நாசிக் பக்கம் ஒரு முறுக்குக் கம்பெனியில் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்று இடது முழங்கையில் தோல் போனது. எந்த ஊரிலும் எனக்குக் கால் தரித்ததில்லை. தரிக்காததற்குக் காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. மஞ்சள் காமாலையோடு ஊர் திரும்பியபோது என்னை வைத்துச் சோறு போட்டவள் அக்காதான். அவள் வீட்டு ஆட்டுப்பாலில்தான் எழுந்து உட்கார்ந்தேன். அதனால் அவள் தட்டைப் பிடுங்கியதில் எனக்குப் பெரிய கோபம் வரவில்லை.

உடம்பு தேறியதும் கோவில்பட்டியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சேர்ந்தேன். ஒரு மேடம் நடத்திய சின்ன இடம். கிராமங்களுக்குப் பைக்கில் போய் ரத்தமும் சிறுநீரும் வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து வெயில் ஏறுமுன் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், கயத்தாறு எல்லாம் சுற்றுவேன். சுற்றும் வேலை என்பதால் மற்ற வேலைகளைவிட அதில் அதிக நாள் நின்றேன்.

அந்த வேலையில் ஒரு பகுதி பட்டாளத்துக்காரர்களுடையது. எங்கள் கரிசல் பக்கத்தில் மழையை நம்பி மகன்களை வைத்திருக்க முடியாது என்று பட்டாளத்துக்கு அனுப்பிய வீடுகள் நிறைய. பனிமலையில் காவலுக்கு நிற்பவர்களின் உடம்பைத் தூரத்து நகரம் ஒன்றில் இருந்த பெரிய ஆய்வகம் கவனித்துவந்தது. மலை ஏறுமுன், மேலே இருக்கும்போது, இறங்கிய பின், விடுப்பில் வீட்டில் இருக்கும்போது என்று ஒவ்வொரு கட்டத்திலும் எச்சில் கேட்பார்கள். விடுப்பில் வந்தவர்களின் எச்சிலை எங்கள் பக்கத்தில் வாங்கி அனுப்புவது எங்கள் நிலையத்தின் பொறுப்பு. விரல் நீளக் குழாய் ஒன்று. அடியில் கொஞ்சம் மருந்துத் தண்ணீர் இருக்கும். தூங்கி எழுந்ததும் வாய் கொப்பளிக்காமல் கோடு வரைக்கும் துப்பி மூடியைத் திருக வேண்டும். குழாயை அவர்களே ஊருக்குக் கொண்டுவருவார்கள். துப்பியதை நான் போய் வாங்கிக்கொள்வேன். துப்பும்போது பக்கத்தில் நிற்க வேண்டும் என்று விதி இல்லை. பட்டாளத்துக்காரன் எச்சிலை ஆள் மாற்றிக் கொடுப்பான் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

அந்த எச்சிலில் என்ன பார்க்கிறார்கள் என்பதை எனக்கு விளக்கியவன் அக்காவின் மூத்த மகன். அவனும் பனிமலையில் இருந்தவன்தான். மாசி மாதம் விடுப்பில் வந்திருந்தான். ஆட்டுக்கிடை போட்டிருந்த ஒரு பருத்திக் காட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம்.

"முன்னல்லாம் நாடி பாப்பாங்க, எடை பாப்பாங்க, ஓடச் சொல்லுவாங்க மாமா. ஓடி முடிச்சு நின்னுட்டோம்னா ஆள் நல்லாருக்கான்னு அர்த்தம். இப்ப நாம நல்லாருக்கமான்னு நம்மகிட்ட கேக்கதே இல்ல. எச்சிகிட்டதான் கேக்காங்க."

"அது என்னலே சொல்லும்?"

"உடம்புக்குள்ள ஒவ்வொரு அணுவும் எந்நேரமும் ஏதாவது உத்தரவு போட்டுக்கிட்டே இருக்குமாம். வீக்கத்துக்குத் தயாராகு, கிருமி வந்துட்டுது அடின்னு. அந்த உத்தரவு எச்சியில கெடக்குமாம். அத வாசிச்சிருதாங்க. நெஞ்சுல நீர் கோக்கப்போவுதுன்னா, இருமல் வருததுக்கு முன்னாலயே தெரிஞ்சுபோவுது. எங்க கூடாரத்துல ஒருத்தன் சிரிச்சுப் பேசிக்கிட்டு சப்பாத்தி தின்னுக்கிட்டு இருந்தான். ஹெலிகாப்டர் வருது, ஏறு, கீழ போன்னு சொல்லுதாங்க. எனக்கு ஒண்ணுமில்ல சார்ங்கான். உன் எச்சி வேற சொல்லுதுன்னு ஏத்தி அனுப்பிட்டாங்க."

"பொழச்சானா?"

"பொழச்சான். ஆனா மேல வரல. ஸ்டோர்ல உக்காந்து சாக்கு எண்ணுதான். வாரவன் போறவன்லாம் 'எச்சிக்காரன்'னு கூப்பிடுதான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அந்தக் குழாயைப் பற்றி அவனுக்குள் பயம் இருந்தது. ஆயுளைக் காப்பாற்ற வந்த சாமானைப் பிழைப்பைக் கெடுக்க வந்ததாகத்தான் அவர்கள் எல்லோருமே பார்த்தார்கள். அவனுக்குப் பதவி உயர்வுக்கான பயிற்சிக்குப் பெயர் போயிருந்தது. இந்த நேரம் பார்த்து ஊருக்கு வரும்போதே இருமலோடு வந்திருந்தான். தூக்கமும் சரியில்லை. "தூங்கலைன்னாக்கூட அது சொல்லிரும் மாமா" என்றான். "எவனும் அதுகிட்ட ஒண்ணும் மறைக்க முடியாது."

குழாய் வாங்கப் போன காலையில் அக்காதான் அதை என்னிடம் கொடுத்தாள். மூத்தவன் போர்வைக்குள் கிடந்தான். இளையவன் ஓடிவிட்டு வந்து கிணற்றடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். அண்ணனைவிட அரை அடி உயரம். மார்பும் தோளும் செதுக்கிவைத்தது போல இருக்கும். "மாமா, பத்திரமாக் கொண்டு போங்க. ராணுவ ரகசியம்" என்றான். அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். குழாயைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த வாரம் மூத்தவன் ரயில் ஏறினான்.

பங்குனி பிறந்த பிறகு ஒருநாள் காலை, நான் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது மேடம் உள்ளே கூப்பிட்டார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்றும் கோபமில்லை. கதவைச் சாத்தச் சொன்னார்.

"அண்ணாச்சி, உங்க மருமகன் குழாய் இருக்குல்ல, பெரிய லேப்ல பாத்தா அது அவரோடது இல்லையாம்."

"அவன் வீட்டுல வாங்குனதுதான் மேடம்."

"வீட்டுல வாங்குனதுதான். வேற ஆள் எச்சி. பட்டாளத்துல சேரும்போது எடுத்து வச்சதோட இது ஒத்துவரல. ஆனா பாதிக்குப் பாதி ஒட்டுதாம். கூடப் பொறந்தவங்க யாரோன்னு சொல்லுதாங்க." கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். "மலையில நிக்கவங்களுக்கு இதயத்தையும் சேத்துப் பாக்காங்க. அந்த எச்சி யாரோடதோ, அவங்களுக்கு இதயத் தசை தடிச்சுப்போற கோளாறு பரம்பரையா இறங்கியிருக்கு. உங்க மருமகன் சேரும்போது குடுத்ததுல அது இல்ல. பாக்கதுக்கு ஆள் பயில்வான் மாதிரி இருப்பாங்க. ஓடும்போது, பாரம் தூக்கும்போது சட்டுனு நின்னுரும். எல்லாருக்கும் அப்படி ஆகும்னு இல்ல. எக்கோ ஸ்கேன் எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். அதுவரைக்கும் ஓடக் கூடாது."

யாருடைய எச்சில் என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அக்காவுக்கு இரண்டே பிள்ளைகள்.

அக்கா வீட்டுக்காரர் போன விதமும் நினைவுக்கு வந்தது. கிடை மாற்றும்போது கூட்டத்தைவிட்டுத் தப்பிய கிடாய் ஒன்றைத் துரத்திக்கொண்டு ஓடினார். பிடித்தும்விட்டார். பிடித்த பிடியோடு அதன்மேல் விழுந்தார். கிடாய் திமிறிக்கொண்டு எழுந்து நின்றது. அத்தான் எழவில்லை. வெயில் தாங்கவில்லை என்று ஊரில் சொன்னார்கள். முந்தின ராத்திரி மழை பெய்து, அன்று வானம் மூடிக் கிடந்த நாள். அவருடைய அண்ணன் அதற்கும் முன்னால் கபடி ஆட்டத்தில் விழுந்தார். அதைத் தெய்வக் குத்தம் என்றார்கள்.

"நான் போய்ச் சொல்லிட்டு வாரேன் மேடம்" என்றேன்.

"நம்ம சொல்லக் கூடாது அண்ணாச்சி. எச்சி வாங்கி அனுப்புததோட நம்ம வேலை முடிஞ்சுது. முடிவு பட்டாளத்தோடது. அவங்க விசாரிச்சு, யாருன்னு கண்டுபிடிச்சு, அவங்க டாக்டர்தான் சொல்லணும். கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"அதுக்கு எவ்வளவு நாள் ஆகும்?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "இங்க வேலை பாக்கவங்க சொல்லக் கூடாது. இங்க வேலை பாக்காத ஒரு தாய்மாமன் அவர் மருமகன்கிட்ட என்ன பேசினாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நான் சாவியை மேஜைமேல் வைத்தேன். அவர் எடுத்து இழுப்பறைக்குள் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான்.

ஆள் மாற்றித் துப்பவில்லை என்று அக்கா மறுப்பாள் என நினைத்துக்கொண்டு போனேன். அவள் மறுக்கவே இல்லை.

"நாந்தான் சின்னவனத் துப்பச் சொன்னேன். அதுக்கு என்னலே இப்ப?" என்றாள். சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். "பெரியவன் ராவெல்லாம் இருமிக்கிட்டுக் கெடந்தான். அந்தச் சளியவா குடுத்துவிடச் சொல்லுத? வெட்னரிக்காரன் ரத்தம் எடுக்க வந்தா சீக்கு ஆட்டையா புடிச்சுக் குடுப்போம்?"

இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. கால்நடை டாக்டர் ஊசியும் குழாயுமாகக் கிடைக்கு வருகிறார் என்று தெரிந்தால், சோர்ந்த ஆடுகளை ஓட்டி உடைமரத்துக்குள் விட்டுவிடுவார்கள். கொழுத்த ஆடு நாலைந்தைப் பிடித்துக் கொடுப்பார்கள். ரத்தம் எடுத்த ஆட்டையே கூட்டத்துக்குள் விட்டு, திரும்ப இழுத்துவந்து நிறுத்துவதும் உண்டு. சீக்கு என்று எழுதிவிட்டால் எட்டயபுரம் சந்தைக்குள் அந்தக் கூட்டத்தை விடமாட்டார்கள். அந்த வருஷம் அடுப்பு எரியாது. இதில் ஏமாற்றுகிறோம் என்ற எண்ணம் யாருக்கும் கிடையாது. பரிசோதனை என்பது நல்ல ஆட்டைக் காட்டும் இடம். அக்கா இரண்டு மகன்களையும் ஒரு பார்வை பார்த்து, எது கொழுத்த ஆடோ அதைப் பிடித்துக் கொடுத்திருந்தாள்.

நான் மேடம் சொன்னதை அப்படியே சொன்னேன். தடித்துப்போகும் தசை, பரம்பரை, எக்கோ எல்லாம். இளையவன் அப்போதுதான் ஆடுகளை நிழலில் அடைத்துவிட்டு வந்தான். முழுவதும் கேட்டான். பிறகு என் கையைப் பிடித்து அவன் மார்பில் வைத்துக்கொண்டான்.

"நல்லாக் கேளுங்க மாமா. நிக்குதா?"

"இப்ப நிக்காதுலே."

"எச்சியே இவ்வளவு பேசுதுன்னா, நான் காறித் துப்பினா கச்சேரியே நடக்கும்போல."

"வெளையாடாத. திருநெல்வேலிக்குப் போவோம். ஒரு எக்கோ எடுத்துட்டு வந்துருவோம். ஒண்ணுமில்லன்னா நானே உன் கூட ஓடுதேன்."

"நீங்க ஓடினா அங்கனயே ஆம்புலன்ஸ் வேணும் மாமா. தேர்வு முடியட்டும். பொறவு எத்தன போட்டோ வேணும்னாலும் புடிப்போம்."

அக்கா குறுக்கே வந்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போனா பேப்பர் குடுப்பான். பேப்பர் இருந்தா பட்டாளத்துல கேப்பான். பேப்பர் இல்லன்னா சீக்கும் இல்ல. ஏலே, நீ ஊர் ஊராச் சுத்தி ஒரு எடத்துலயும் ஒட்டாதவன். எம்பிள்ள ஒரு எடத்துல ஒட்டப் போறான். அது பொறுக்கலையா ஒனக்கு?"

"நான் எதுக்குக்கா பொறுக்காமப் போறேன்?"

"மெஷின் சொல்லிச்சுன்னு எம்பிள்ளையப் படுக்க வைக்க வந்திருக்க. ஓடிப் பாத்திருக்கியா அவன? அந்தக் கண்மாயில அவன முந்த ஆளு கெடையாது."

"அத்தான முந்தவும் ஆளு கெடையாதுக்கா" என்றேன். "அவியளுக்கு என்ன ஆச்சு?"

அப்போதுதான் தட்டை எடுத்தாள். இளையவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்பா விழுந்தபோது அவனும் அங்கே இருந்தவன். கிடாயைப் பிடித்துக் கட்டியது அவன்தான். அந்தப் பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

நாகலாபுரம் சாலையோரத்தில் கரிமூட்டம் புகைந்துகொண்டிருந்தது. உடைமரத்தை வெட்டி அடுக்கி மண்பூசி எரிப்பார்கள். புகை காட்டுக்குமேல் எழும்பாமல் தரையோடு படர்ந்தது. அறுவடை முடிந்த கரிசல் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. ஒரு மூட்டத்தின் பக்கத்தில் செல்போனில் சிக்னல் இரண்டு கோடு காட்டியது. நின்று மூத்தவனைக் கூப்பிட்டேன். பலமுறை அடித்தும் எடுக்கவில்லை. கொஞ்சம் நடந்த பிறகு அவனே கூப்பிட்டான்.

எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தான். பின்னால் காற்று இரைவது எனக்குக் கேட்டது.

"அப்போ எனக்கு ஒண்ணும் இல்லையா மாமா?" என்றான்.

"நீ சேரும்போது குடுத்ததுல ஒண்ணும் இல்லையாம்."

"இருமல்?"

"இருமல் இருமல்தான். நீயே துப்பியிருந்தா மருந்து குடுத்திருப்பான், முடிஞ்சிருக்கும்."

அவன் சிரிப்பது போல ஒரு சத்தம் வந்தது. அவனே துப்பியிருந்தால் அவனுக்கு எதுவும் ஆகியிருக்காது. தம்பியைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. இதை நான் சொல்லவில்லை. அவனுக்கும் அது தோன்றியிருக்க வேண்டும்.

"நீ சொன்னா அவன் கேப்பாம்லே. நீ சொன்னா மட்டுந்தான் கேப்பான்."

"நான் என்னன்னு மாமா சொல்ல? மாமா சொல்லுதது நெசம், நில்லுன்னு சொல்லலாம். உங்களக் கிண்டல் பண்ண மாதிரி என்னையும் கிண்டல் பண்ணுவான். ஆள் மாத்தினதுல நான் எப்படியும் மாட்டாமத் தப்பிச்சிருவேன்னு அவன் நெனச்சுக்கிட்டு இருக்கான். நான் ஆபீசர்கிட்ட போய், துப்பினது நானில்ல, எந்தம்பின்னு சொல்லணும். சொல்லிட்டு வந்து அவன்கிட்ட சொல்லணும். அப்பத்தான் நம்புவான்."

"உடுப்பக் கழத்தச் சொன்னா?"

"அம்மா என்ன சொல்லுதா?" என்று கேட்டான்.

"என்னைய வெளிய போகச் சொல்லிட்டா."

"இப்ப காவலுக்குப் போறேன் மாமா. அங்கன சிக்னல் கெடையாது. எறங்கி வந்துதான் எதுவும். அவன் காலையில ஓடுவானே?"

"ஓடுவான்."

"நீங்க பக்கத்துல இருங்க" என்றான். இணைப்பு அறுந்தது.

அவன் என்ன முடிவு செய்தான் என்று எனக்குத் தெரியவில்லை. அவன் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்றும் தெரியவில்லை. வேலையை விடுவது எனக்கு எப்போதும் லேசாக இருந்திருக்கிறது. விட்டால் போகிற மாதிரி வேலைகளையே பார்த்திருக்கிறேன். அவன் கதை அப்படி இல்லை. அந்த வீட்டில் மாதம் தவறாமல் வந்தது அவன் சம்பளம் ஒன்றுதான்.

அக்கா வீட்டுப் படி ஏற முடியாது. கண்மாய் அக்காவுடையது இல்லை. அந்தக் கண்மாய்க்கரையில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, சுற்றுப்பட்டு இளைஞர்களைத் தேர்வுக்கு ஓட வைக்கும் பயிற்சிக்காரர் ஒருவர் இருந்தார். என்னைவிட இளையவர். தானும் பலமுறை தேர்வுக்குப் போய், மார்பளவில் ஒருமுறை, பல்லில் ஒருமுறை, கடைசியில் வயதில் தவறிப்போனவர். வந்த வழியே திரும்பி நடந்து பொழுது அடையும்போது அங்கே போய்ச் சேர்ந்தேன். அவர் கயிறு ஏறும் கம்பத்தில் முடிச்சுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவரிடமும் முழுக்கச் சொன்னேன்.

முடிச்சை விடாமலேயே கேட்டார். "பேப்பர் இருக்கா அண்ணாச்சி?"

"இல்ல."

"வாய்ச்சொல்லுக்கு ஒரு பயல நிறுத்த முடியாது. அவன்தான் இங்க ஓடுததுல மொதல் ஆளு. நாளைக்கே இன்னொருத்தன் வந்து இன்னொரு பயலுக்குக் குடல் சரியில்லம்பான். பொறாமையில சொல்லுத ஆளு உண்டு. உங்களச் சொல்லல."

"சொன்னாலும் தப்பில்ல."

"பேப்பர் கொண்டாங்க, அந்நேரமே நிறுத்துதேன். நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"பேப்பர் வருத வரைக்கும் நான் பக்கத்துல இருக்கணும் தம்பி. அவன் என்னைய விரட்டுவான். நீங்க விரட்டாம இருந்தாப் போதும்."

அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். கால், தோள் எல்லாம் ஒரு பார்வை பார்த்தார். வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் பார்க்கிற பார்வை. பல ஊரில் அதற்கு முன்னால் நின்றிருக்கிறேன்.

"தண்ணி ஊத்துத ஆளு திருப்பூருக்குப் போயிட்டான்" என்றார். "தள்ளுவண்டியில டிரம் கொண்டாரணும். பயலுக செல்போன், செருப்பு எல்லாம் பாத்துக்கிடணும். இருப்பீங்களா, ரெண்டு நாள்ல ஓடிப்போற ஆளா?"

"இந்தத் தடவ ஓட மாட்டேன்" என்றேன்.

கொட்டகையில் சாக்கை விரித்துப் படுத்தேன். அவர் வீட்டிலிருந்து கம்பங்கூழ் வந்தது.

விடியுமுன் எழுந்து அடிகுழாயில் இரண்டு டிரம்மும் நிரப்பினேன். கண்மாய்க்குள் வண்டி இறங்குவது கஷ்டம். வெடிப்பில் சக்கரம் மாட்டும். மாட்டியபோதெல்லாம் தண்ணீர் தளும்பிக் கொட்டியது. பையன்கள் ஒவ்வொருவராகக் கரையேறி வந்தார்கள். செருப்பைக் கழற்றி வரிசையாக விட்டார்கள். செல்போன்களை என் முன்னால் இருந்த பிளாஸ்டிக் கூடையில் போட்டார்கள். இளையவன் வந்தான். என்னைக் கண்டதும் நின்றான்.

"மாமா, ரத்தம் போயி இப்ப தண்ணியா?"

"ஆமாலே. போன போடு."

"அம்மாகிட்ட சொல்லட்டா?"

"சொல்லு."

அவன் போனைக் கூடையில் போட்டுவிட்டுப் போய் வரிசையில் முதலாவதாக நின்றான். பயிற்சிக்காரர் என் பக்கம் திரும்பவில்லை. விசில் ஊதினார்.

முதல் சுற்றில் அவன் எல்லோருக்கும் முன்னால் போனான். அக்கா சொன்னது பொய்யில்லை. தரையைத் தொடாமல் போவது போல இருந்தது. பரிசோதனை நிலையத்தில் ஒருமுறை ரப்பர் பொம்மையைக் கிடத்தி, நின்றுபோன நெஞ்சை எப்படி அமுக்க வேண்டும் என்று எங்களுக்குக் காட்டியிருந்தார்கள். இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, எலும்பு ஒடிந்தாலும் பரவாயில்லை என்று அமுக்க வேண்டும். அதை நினைத்துக்கொண்டு நின்றேன். அவன் கண்மாயின் அந்தக் கோடிக்குப் போகும்போது ஆள் சின்னப் புள்ளியாகிவிடுவான். அங்கே விழுந்தால் நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்கு சரிவரவில்லை.

இரண்டாவது சுற்றில் கூடைக்குள் ஒரு போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன். அண்ணன் என்று இருந்தது. நான் பேசவில்லை. போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவன் வரும் வழிக்குப் போனேன். அடித்து நின்றது. மறுபடி அடித்தது. பயிற்சிக்காரர் "அண்ணாச்சி, தடத்த விட்டு விலகுங்க" என்று கத்தினார். நான் விலகவில்லை. பின்னால் வந்தவர்கள் என்னை இடித்துக்கொண்டு போனார்கள். ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னான்.

இளையவன் வேகத்தைக் குறைத்தான். "என்ன மாமா?"

"உங்கண்ணன்."

வாங்கிக் காதில் வைத்தான். முதலில் மூச்சு வாங்கிக்கொண்டே "சொல்லுண்ணே" என்றான். பிறகு பேசவில்லை. கேட்டான். கொஞ்ச நேரத்தில் குத்தவைத்து உட்கார்ந்தான். "எதுக்குண்ணே சொன்ன" என்றான். "நீ எதுக்குண்ணே போய்ச் சொன்ன" என்று அதையே திரும்பச் சொன்னான். அப்புறம் ம், ம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

போனை வைத்த பிறகு எழுந்து தடத்தைவிட்டு வெளியே வந்தான். பயிற்சிக்காரர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் அவர் பக்கம் போகவில்லை. நேராக வந்து அவன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டான். தண்ணீர் கேட்டான். ஊற்றினேன். குடித்தான்.

"ராத்திரி காவல் முடிஞ்சு வந்த உடனே ஆபீசர எழுப்பிச் சொல்லிட்டானாம் மாமா" என்றான். "எழுதியும் குடுத்துட்டானாம். இன்னைக்கு விசாரணையாம். இனி என்ன ஆகும்னு தெரியாதுங்கான்."

"உன்கிட்ட என்ன சொன்னான்?"

"ஓடாதன்னான். ஓடினா நான் சொன்னது வீணாப் போயிரும்னான்."

அவ்வளவுதான் சொன்னான். கரையில் போய் உட்கார்ந்தான். அப்பாவுக்கும் இதுதானா என்று கேட்டான். இருக்கலாம் என்றேன். அம்மாவிடம் யார் சொல்வது என்று கேட்டான்.

வெயில் ஏறத் தொடங்கியது. மற்றவர்கள் ஓடினார்கள். அவன் இல்லாததால் இரண்டாவதாக ஓடிவந்தவன் முதலாவதாக வந்தான். வந்து நின்று சுற்றிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கேட்டான். எல்லோருக்கும் ஊற்றினேன். ஒரு டிரம் காலியானது. அடிகுழாய்க்குப் போய் நிரப்பிக்கொண்டு வரச் சொன்னார் பயிற்சிக்காரர்.

நிரப்பிவிட்டுத் திரும்பும்போது சக்கரம் வெடிப்பில் மாட்டிக்கொண்டது. முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தேன். நகரவில்லை. கரையிலிருந்து இளையவன் எழுந்து வந்தான். வண்டியின் பின்பக்கம் போய்த் தோளைக் கொடுத்தான்.

"விடுலே" என்றேன். "கனம்."

கையை எடுத்துவிட்டான். நான் வண்டியைத் தள்ளி மேலேற்றும்வரை பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தான்.